வாசல் முறை

உப்போடைக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று முதலில் சொன்னவர் வைரவநாதன். உப்போடைக்காரர்கள் யாரும் சொல்லவில்லை.

வைரவநாதன் பொதுப்பணித் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மங்கை அம்மையின் குடிலுக்கு வந்து சேர்ந்தார். அம்மை அவரைவிடப் பல வயது இளையவர். ஆனாலும் அவரைத்தான் குருவாக ஏற்றுக்கொண்டார். காலையில் குடிலைப் பெருக்குவார். கிணற்றில் நீர் இறைப்பார். மாலையில் கேள்விகள் கேட்பார். அம்மை சில கேள்விகளுக்குப் பதில் சொல்வார். சிலவற்றுக்குச் சொல்லமாட்டார்.

குடிலின் வாசலில் நின்றால் உப்போடையின் புகை தெரியும். அங்கே இருந்தவை கரி சுடும் குடும்பங்கள். சீமைக்கருவேல மரங்களை வெட்டி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைப்பார்கள். அதற்கு மூட்டம் என்று பெயர். வெளியே மண் மேடுபோலத் தெரியும். உள்ளே நாள்கணக்காக நெருப்பு கனன்று மரம் கரியாகும். பெரியவர்களோடு பிள்ளைகளும் மூட்டத்துக்குப் போவார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்ந்த சில பிள்ளைகள், கரி அப்பிய தங்கள் கால்களைப் பார்த்து மற்றவர்கள் சிரித்ததால் பாதியில் நின்றுவிட்டார்கள்.

"அங்கே ஒரு பள்ளிக்கூடம் கட்டலாம் என்றிருக்கிறேன், அம்மா" என்றார் வைரவநாதன்.

"அவங்க கேட்டாங்களா?"

"அவர்களுக்குக் கேட்கத் தெரியாது. பிள்ளை கேட்டால்தான் சோறு போடுவோமா?"

அம்மை சிரித்தார்.

"போடுங்க" என்றார்.

வைரவநாதனுக்குத் தொழில் தெரியும். நூல் ஆலை வைத்திருந்த பழைய நண்பர் ஒருவர் செலவை ஏற்றுக்கொண்டார். மணலை வைரவநாதன் கையில் அள்ளிப் பார்த்துத்தான் வாங்கினார். கொத்தனார் பூசிய சுவரைப் பிடிக்கவில்லை என்று உரித்துவிட்டு மறுபடி பூசச் சொன்னார். கதவுக்கு முற்றிய வேப்ப மரமாகத் தேடி வாங்கி, தச்சனோடு பக்கத்திலேயே நின்று இழைக்க வைத்தார். நகரத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்து போக ஜெபராணி என்ற ஆசிரியையும் கிடைத்தார்.

திறப்பு நாளில் உப்போடைக்காரர்கள் வந்தார்கள். தள்ளி நின்று பார்த்தார்கள். சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டு மூட்டத்துக்குப் போனார்கள்.

முதல் மாதம் பிள்ளைகள் நிறைய வந்தார்கள். பிறகு குறைந்தார்கள். மதியச் சோற்றுக்கு வந்துவிட்டுக் கை கழுவியதும் ஓடிப்போனவர்கள் உண்டு. ஜெபராணி வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். வீடுகளில் ஆள் இல்லை.

ஐப்பசியில் மழை கொட்டியது. பேருந்து ஓடாததால் சில நாள் பள்ளி இல்லை. மழை விட்டதும் வைரவநாதன் போய்ப் பார்த்தார். நிலை மட்டும் இருந்தது. கதவு இல்லை. கீல்களைப் பதமாகக் கழற்றிக் கதவை எடுத்துப் போயிருந்தார்கள். உள்ளே ஆடுகள் படுத்திருந்தன.

அவர் நேராகக் குடிலுக்கு வந்தார். காலில் அப்பிய சேற்றைக்கூடக் கழுவவில்லை.

"கதவைத் திருடிவிட்டார்கள், அம்மா."

"யாரோட கதவை?"

"பள்ளிக்கூடத்துக் கதவைத்தான்."

"அது யாரோடது?"

வைரவநாதன் தயங்கினார். "நான் செய்து மாட்டியது."

"அப்ப உங்க கதவுதான் திருடு போயிருக்கு" என்றார் அம்மை. "ஊரோட கதவு திருடு போனா ஊரே வந்து சொல்லும்."

"காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறேன்."

"கொடுக்கலாம். நாளைக்கு நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேனே."

மறுநாள் காலையில் அம்மை உப்போடைக்குப் போனார். ஆடுகளை விரட்டினார். தரையைக் கழுவிவிட்டார். ஜெபராணி வந்து பாடம் தொடங்கியதும் வாசல் நிலைக்கு நடுவே ஒரு சாக்கை விரித்து, நிலையில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். ஆடு வந்தால் கையை வீசினார். நாய் வந்தால் அதட்டினார்.

வைரவநாதனுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"நீங்கள் இப்படி உட்காரலாமா, அம்மா?"

"கதவு இல்லையே."

"இரும்புக் கதவுக்குச் சொல்லியிருக்கிறேன். பத்து நாளில் வந்துவிடும்."

"வேண்டாம்னு சொல்லிருங்க."

"அப்படியானால் நானாவது உட்காருகிறேன். நீங்கள் எழுந்திருங்கள்."

"நீங்க கட்டினவர். நீங்க உட்கார்ந்தா காவல் போட்டிருக்குன்னு நினைப்பாங்க."

அவர் புளியமரத்தடியில் போய் நின்றுகொண்டார்.

அன்றும் மறுநாளும் அம்மை அங்கேயே இருந்தார். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை. அடுத்த நாள் உச்சி வேளையில் முத்துராக்கு என்ற பெண் தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றாள். கட்டை குட்டையான உடம்பு. பேசும்போது யாரையும் நேராகப் பார்த்துப் பேசுவாள்.

"என்ன தாயி, மூணு நாளா இங்கனயே உக்காந்திருக்கீக?"

"கதவு இல்ல, முத்துராக்கு. ஆடு உள்ள போயிருது."

"சாப்பிட்டீகளா?"

"இன்னும் இல்ல."

முத்துராக்கு குடத்தை இறக்கினாள்.

"போய்ச் சாப்பிட்டு வாங்க. வர்ற வரைக்கும் நான் இருக்கேன்."

அம்மை உடனே எழுந்து போய்விட்டார். சாப்பிடப் போனவர் பொழுது சாயத்தான் திரும்பி வந்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். முத்துராக்கு மட்டும் அதே சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"கோவிச்சுக்காதே, நேரமாயிருச்சு" என்றார் அம்மை.

"இருக்கட்டும் தாயி. அந்த டீச்சரம்மா தொண்டை வத்தக் கத்துறாக. கடைசில உக்காந்திருக்கே ஒரு சின்னது, அது தூங்கிக்கிட்டே பாட்டுச் சொல்லுது." முத்துராக்கு வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "நாளைக்கு இருளாயிக்கு வேலை இல்ல. வரச் சொல்றேன்."

இருளாயி வந்தாள். அதற்கடுத்து வேறொருத்தி வந்தாள். சும்மா உட்கார யாருக்கும் பிடிக்கவில்லை. கிழிந்த கரிச் சாக்குகளைக் கொண்டுவந்து தைத்தார்கள். புளி உடைத்தார்கள். கோடையில் ஊருணித் தண்ணீரை முறை வைத்து எடுப்பது அவர்கள் வழக்கம். அதேபோல இதற்கும் முறை வைத்துக்கொண்டார்கள். "இன்னைக்கு வாசல் முறை யாருக்கு?" என்று காலையில் கேட்கும் குரல் தெருவில் எழுந்தது. ஆண்களும் வர ஆரம்பித்தார்கள்.

வாசலில் இருப்பவருக்கு உள்ளே வந்த முகமும் தெரிந்தது, வராத முகமும் தெரிந்தது.

"சேதுராக்கு மகளை ஏன் காணோம்?" என்று ஒருத்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே தெருவுக்குக் கேட்கும்படி கூவுவாள்.

"அவ ஆத்தாகூட மூட்டத்துக்குப் போயிருக்கா" என்று பதில் வரும்.

"கூட்டியாரச் சொல்லு. நான் இங்க யாருக்கு உக்காந்திருக்கேன்?"

ஜெபராணி வீடு வீடாகப் போவதை நிறுத்திவிட்டார்.

வைரவநாதன் தினமும் வந்து பார்த்தார். அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வாசல் நிலையைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் ஏதோ உறுத்தியது. அந்த வேப்பங்கதவின் ரேகைகள்கூட அவருக்கு நினைவில் இருந்தன.

ஒரு நாள் சாத்தையாவின் முறை. மூட்டம் அடுக்குவதில் கைகாரன். அதிகம் பேசமாட்டான். வைரவநாதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சாத்தையா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். உள்ளே பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா" என்றான் சாத்தையா, அவரைப் பார்க்காமல். "கதவு எங்க வீட்டுல இருக்கு."

வைரவநாதன் சட்டென்று அவன் பக்கம் திரும்பினார்.

"வாங்க, காட்டுறேன்."

அவன் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வாசலில் உட்கார வைத்துவிட்டு முன்னே நடந்தான். வைரவநாதன் பின்னால் போனார். சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனார்.

குனிந்துதான் அந்தக் குடிசைக்குள் நுழைய முடிந்தது. நான்கு கருங்கற்களின் மேல் அவருடைய கதவு கிடந்தது. அதன் மேல் பழைய சேலை விரித்து ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சாத்தையாவின் மனைவி சுவரோரம் எழுந்து நின்றாள்.

"அந்த மழையில இவளுக்குப் பிரசவம்யா" என்றான் சாத்தையா. "தரை பூராவும் ஊத்தெடுத்துருச்சு. கட்டிலு கிடையாது. பச்ச உடம்புக்காரியையும் பிள்ளையையும் எங்க போட? பள்ளிக்கூடம் அப்ப சும்மாதான கெடந்துச்சு. மழை விட்டதும் மாட்டிரலாம்னுதான் எடுத்தேன். அப்புறம் பயமாப் போச்சு."

அந்தப் பெண் குழந்தையைத் தூக்கக் கையை நீட்டினாள். "எடுத்துட்டுப் போங்கய்யா" என்றாள்.

வைரவநாதன் குழந்தையைப் பார்த்தார். கைகளை மடக்கித் தலைக்கு இருபுறமும் வைத்துக்கொண்டு அது தூங்கியது. அவர் குனிந்து கதவின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். இழைப்பு அப்படியே இருந்தது.

"எழுப்பாதம்மா" என்றார். வெளியே வந்துவிட்டார்.

மாலையில் அம்மை கேட்டார்.

"கதவு கிடைச்சிருச்சாமே?"

"கிடைத்தது."

"கொண்டு வரலையா?"

"அதில் ஒரு குழந்தை தூங்குகிறது."

அம்மை சற்று யோசித்தார்.

"என்ன மரம்?"

"வேம்பு."

"நல்லது. பூச்சி அண்டாது."

அன்று மாலை வைரவநாதன் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

பங்குனியில் கரித் தொழில் மும்முரமாகும். கரி வியாபாரி தங்கப்பாண்டியன் வேனில் வருவார். உப்போடைக்காரர்கள் சுடுகிற கரியெல்லாம் அவருக்குத்தான். ஆறிய மூட்டத்தைப் பிரித்துக் கரி பொறுக்கவும், சாக்கில் கட்டவும் பெரிய பிள்ளைகளை வேனில் ஏற்றிப் போவது அவர் வழக்கம். சின்னக் கைகள் வேகமாகப் பொறுக்கும். யாரும் இதுவரை மறுத்ததில்லை.

அன்று வாசல் முறை முத்துராக்குக்கு. வைரவநாதன் உள்ளே கரும்பலகைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"பெரிய பிள்ளைகளை அனுப்பிவிடு, முத்துராக்கு. நாலு நாள் வேலைதான்" என்றார் தங்கப்பாண்டியன்.

முத்துராக்கு தைத்துக்கொண்டிருந்த சாக்கை மடியில் வைத்தாள்.

"பள்ளிக்கூடம் நடக்குது, முதலாளி."

"அது தெரியுது. நீ கொஞ்சம் தள்ளு. நானே கூப்பிட்டுக்கிறேன்."

அவள் தள்ளவில்லை.

"உங்கிட்டதான் சொல்றேன்."

"கதவு சாத்தியிருக்கு, முதலாளி."

தங்கப்பாண்டியன் வெறும் நிலையை மேலும் கீழும் பார்த்தார். "எங்க இருக்கு கதவு?"

முத்துராக்கு நீட்டியிருந்த காலை எதிர் நிலையில் ஊன்றிக்கொண்டாள். வைரவநாதன் உள்ளேயிருந்து அதைப் பார்த்தார். அவர் தூரிகையை வைத்துவிட்டு எழப் போனார். ஜெபராணி வேண்டாம் என்று தலையசைத்தார்.

தெருவில் இருளாயி வந்து நின்றாள். சாத்தையா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். இன்னும் சிலர் வந்தார்கள்.

"நாளையிலேர்ந்து உனக்கு வேலை இல்ல" என்றார் தங்கப்பாண்டியன்.

"சரிங்க."

வேன் வெறுமையாகத் திரும்பிப் போனது. அது கண்ணுக்கு மறைந்த பிறகும் முத்துராக்கு காலை எடுக்கவில்லை. உள்ளே ஜெபராணி விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்.

சொன்னபடியே அவளுக்கு வேலை நின்றது. வைரவநாதனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அம்மையிடம் வந்தார்.

"நான் கட்டிய பள்ளிக்கூடத்தால் ஒரு பெண்ணின் அடுப்பு அணைந்துவிட்டது, அம்மா. என் நண்பரிடம் சொல்லி அவளுக்கு மாதாமாதம் ஏதாவது கொடுக்கச் சொல்லட்டுமா?"

"அணைஞ்சதை நீங்க பாத்தீங்களா?"

"இல்லை."

"பாத்துட்டு வாங்க."

அவர் போனார். முத்துராக்கின் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அவளுடைய மகள் செவந்தி முறத்தில் அரிசி புடைத்தாள். முன்பு மூட்டத்தின் மேல் நடந்தபோது மண் உள்வாங்கி நெருப்பில் இறங்கிய கால் அவளுக்கு. இப்போதும் விந்தித்தான் நடப்பாள்.

"அரிசி?" என்று கேட்டார் வைரவநாதன்.

"இருளாயி ஒரு படி குடுத்தா. சாத்தையா தன் மூட்டத்துல எனக்கும் ஒரு பங்கு அடுக்கிக்கச் சொல்லிட்டான். என் பேரைச் சொல்லாம அவன் பேருலயே கரி போயிரும்" என்றாள் முத்துராக்கு. "ஐயா மொகம் ஏன் வாடிக்கெடக்கு?"

"நீ எங்களுக்காக இவ்வளவு..."

"உங்களுக்காகவா?" அவள் உலை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினாள். "எம் முறை. அதான் உக்காந்திருந்தேன்."

செவந்தி ஒரு பலகையை நகர்த்திப் போட்டாள். அவர் உட்கார்ந்து, கொடுத்த கருப்பட்டித் தண்ணீரைக் குடித்தார். நண்பரின் பணத்தைப் பற்றி அங்கே பேசவில்லை. குடிலுக்கு வந்தும் பேசவில்லை.

தங்கப்பாண்டியன் அந்த மாதக் கடைசியிலேயே மீண்டும் வந்தார். கரிக்கு ஆள் வேண்டும். உப்போடைக்காரர்களை விட்டால் அவருக்கும் வேறு ஆள் இல்லை. முத்துராக்கையும் கூப்பிட்டுக்கொண்டார். பள்ளி நேரத்தில் பிள்ளைகளைக் கேட்பதை விட்டுவிட்டார். விடுமுறை நாட்களில் சில பிள்ளைகள் மூட்டத்துக்குப் போகத்தான் செய்தார்கள். எல்லாம் ஒரே வருடத்தில் மாறிவிடவில்லை. ஆனால் அடுத்த ஆனியில், பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து நின்றுபோன பிள்ளைகள் தாங்களாகவே வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் பெரியவளான ஒரு பெண், சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஜெபராணிக்கு உதவினாள்.

புரட்டாசி பிறந்தது. கடல் பக்கம் மேகம் திரண்டது.

ஒரு நாள் காலை வைரவநாதன் உப்போடைக்குப் போனபோது புளியமரத்தடியில் கூட்டமாக இருந்தது. பட்டுப்போன பனை ஒன்றை வெட்டிப் பலகையாக அறுத்திருந்தார்கள். ஆண்கள் பலகைகளைச் சேர்த்து வைத்து ஆணி அடித்தார்கள். பெண்கள் சுற்றி நின்று குறை சொன்னார்கள். கதவு கரடுமுரடாக இருந்தது. ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. வைரவநாதனின் கண்ணுக்கு அது உடனே தெரிந்தது.

"யார் சொல்லிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரு சொன்னா?" என்றாள் இருளாயி. "மழை வருதுல்ல?"

அவர் வேகமாகக் குடிலுக்கு நடந்தார். அம்மை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அவர்கள் கதவு செய்கிறார்கள்."

"கேள்விப்பட்டேன்."

"நீங்கள் வந்து தடுக்க வேண்டும்."

அம்மை நிமிர்ந்தார். "ஏன்?"

"கதவு வந்துவிட்டால் வாசலில் யார் உட்காருவார்கள்? முறை நின்றுவிடும். முன்புபோலத் தள்ளி நின்று பார்ப்பார்கள். கதவு இல்லாமல் இருந்ததால்தானே அம்மா இவ்வளவும் நடந்தது? இத்தனை நாளில் நான் கற்றுக்கொண்டதே அது ஒன்றுதான். அந்த வாசல் எப்போதும் திறந்தே இருக்கட்டும்."

அம்மை சேலையைப் பிழிந்து கொடியில் போட்டார். கிழக்கே பார்த்தார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்றில் மண் வாசனை இருந்தது.

"வாசல் பக்கமா உட்கார்ற பிள்ளைங்க மேல சாரல் அடிக்கும், வைரவநாதன்" என்றார். "பனங்கதவு பாரமா இருக்கும். தூக்கி மாட்ட ஆள் பத்தாது. போய் நீங்களும் ஒரு கை பிடிங்க."